டேப்பின் பூஜ்ய முனை

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் சாலையில், ஓர் ஊர் வருவதற்குச் சற்று முன்னால், ஓடையின் மேல் சின்னப் பாலம் ஒன்று இருக்கிறது. இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்குக் கட்டைச் சுவர். பாலத்தை ஒட்டி உள்ளே இறங்கும் மண்பாதையில் காலனி. அங்கிருந்து கள்ளக்குறிச்சிக்கு வேலைக்குப் போகும் பெண்கள் அந்தக் கட்டைச் சுவரில் உட்கார்ந்துதான் காலைப் பேருந்துக்குக் காத்திருப்பார்கள். கூரை கிடையாது, பலகை கிடையாது, தரையில் ஒரு கோடுகூடக் கிடையாது. ஆனாலும் மலையடிவாரத்திலிருந்து வரும் எல்லாப் பேருந்தும் அங்கே நிற்கும். எந்தக் காகிதத்திலும் இல்லாத நிறுத்தம் அது. அதை இல்லாமல் ஆக்கியது நான்.

பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஒரு வரைபடத்தில் அந்த இடத்தில் எதையும் வரையாமல் விட்டேன்.

நான் சிவில் படித்தவள். கள்ளக்குறிச்சியில் ஒரு சிறிய ஆலோசனை அலுவலகத்தில் வேலை. அந்தச் சாலையிலுள்ள சில ஊர்களில் நடைபாதை, சாலையைக் கடக்கும் இடம், பேருந்து நிறுத்தம் ஆகிய மூன்றையும் சீராக்க வரைபடம் தயாரிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. எதையும் பட்டியலாக எழுதினால்தான் எனக்கு வேலை ஓடும். ஒவ்வோர் ஊருக்கும் நோட்டில் ஒரு பக்கம்: சாலையின் அகலம், வடிகால், மின்கம்பங்கள், வளைவு, மர நிழல், பள்ளி வாசல், ஆட்கள் கடக்கும் இடம். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சின்னக் கட்டம். முடிந்ததும் டிக். டிக் இல்லாத கட்டத்தோடு நான் வீடு திரும்பியதில்லை.

அந்த ஊரை அளக்கப் போன அன்று என்னோடு வர வேண்டிய உதவியாளருக்குக் காய்ச்சல். வேலையைத் தள்ளிப்போட மனமில்லாமல் தனியாகவே போனேன். கையில் முப்பது மீட்டர் டேப், உயரம் பார்க்கிற அளவுக்கம்பு, நோட்டு, தண்ணீர் பாட்டில். பாலத்துக் கட்டையில் ஒரு பெண் மட்டும் உட்கார்ந்திருந்தார். நாற்பதைத் தாண்டிய வயது. புடவைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, பக்கத்தில் சாப்பாட்டுத் தூக்கு. பேருந்தை விட்டுவிட்டு அடுத்ததற்குக் காத்திருந்தார். நான் டேப்பின் முனையைக் கல்லுக்கடியில் வைப்பதும், நாலடி நடப்பதும், கல் புரண்டு டேப் வந்துவிடுவதுமாக இருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா மேடம், கல்லு கிட்ட வேல வாங்கறீங்க? முனைய இப்டி குடுங்க."

வாங்கி, வளையத்துக்குள் விரலை விட்டு, பாலத்தின் மூலையில் வைத்து அழுத்திப் பிடித்தார். நான் மறுமுனைக்குப் போனதும் அவர் இழுத்த இழுப்பில் டேப் கம்பிபோல் விறைத்தது. எத்தனையோ உதவியாளர்கள் எனக்கு டேப் பிடித்திருக்கிறார்கள். நடுவில் தொங்காமல் பிடித்தவர் அவர் ஒருவர்தான். கட்டட வேலைக்குப் போகும் சித்தாள் அவர். அவர்களுடைய மேஸ்திரி டேப்பை ஓணான் வாலைப் பிடிப்பதுபோலப் பிடிப்பார் என்றும், அவர் அளந்த சுவரெல்லாம் அதே மாதிரி நெளியும் என்றும் சொன்னார். இஞ்சினியருக்குப் படித்தவர்கள் வெயிலில் நிற்பதை இன்றைக்குத்தான் பார்ப்பதாகவும் சொன்னார். இரண்டுமே சிரிக்காமல் சொன்னது.

ஒவ்வொரு முறை டேப்பை விடும்போதும், "விட்டுடவா?" என்று கேட்பார். நான் "விடுங்கக்கா" என்றால்தான் விடுவார். இழுத்துப் பிடித்த டேப்பைச் சொல்லாமல் விட்டால் எதிரே நிற்பவர் கையை அறுத்துவிடும். அது தெரிந்தவர்.

பாலத்திலிருந்து ஊர்த் தெரு முனை வரை அளக்க வேண்டியிருந்தது. எட்டு டேப் தூரம். அவர் தூக்கை எடுத்துக்கொண்டு கூடவே வந்தார். ஏழாவது டேப் முடிந்த இடத்தில் நின்றுவிட்டார். அங்கே அவர் முனையைப் பிடிக்க, நான் எட்டாவதை அளந்து முடித்துக் கூப்பிட்டேன். அதற்கப்புறமும் வரவில்லை. "நீங்க பாத்துக்கினு வாங்க மேடம், நான் இங்கயே நிக்கறேன்" என்றார். நடந்த களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். நோட்டில் அந்த இடத்துக்கு எதிரே எழுதவேண்டிய ஒன்று இருந்தது. அப்போது எனக்கு அது தெரியவில்லை.

பாலத்துக்குத் திரும்பியதும் அளவுக்கம்பைக் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லி ஒரு படம் எடுத்தேன். வெறும் சாலையைப் படம் எடுத்தால் உயரம், அகலம் தெரியாது, பக்கத்தில் ஓர் ஆளும் கம்பும் வேண்டும். நேராகப் பிடிக்கச் சொன்னேன். நேராகப் பிடித்து, தலைமுடியை ஒதுக்கிவிட்டு, கேமராவைப் பார்த்தார். படத்தைத் தன் மகளின் எண்ணுக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். எண்ணைப் 'பாலம் அக்கா மகள்' என்று போட்டு வைத்தேன்.

பேருந்து வரும் சத்தம் கேட்டபோதுதான் கேட்டார்.

"இங்கதான மேடம் ஷெட்டு வரும்?"

"பஸ் ஸ்டாப் நல்லா வரும்கா" என்றேன்.

அவர் கேட்டது ஒன்று, நான் சொன்னது வேறு. பேருந்து வந்து நின்றது. ஏறிக்கொண்டார்.

வரைபடம் போட்டபோது எல்லாம் விதிப்படியே போட்டேன். இரண்டு நிறுத்தங்கள் அவ்வளவு நெருக்கமாக இருக்கக் கூடாது. பாலம் குறுகல், பேருந்து ஒதுங்க இடமில்லை, வளைவும் இருக்கிறது. ஊர்த் தெரு முனையில் அகலமான இடம், பள்ளியும் பக்கம், வேப்பமர நிழலும் உண்டு. ஆகவே அங்கே நிழற்குடை. அங்கிருந்து பள்ளி வாசல் வரை நடைபாதை. நடுவில் சாலையைக் கடக்க வெள்ளைப் பட்டைகள். பாலத்துப் பக்கம் நடைபாதை அடுத்த கட்டத்தில் வரும் என்று எழுதினேன். நோட்டின் கட்டங்கள் எல்லாவற்றிலும் டிக் விழுந்தது.

நிழற்குடை கட்டி முடிந்ததும் போய்ப் பார்த்தேன். பளபளவென்று எவர்சில்வர் இருக்கை, வழுக்காத தரை, சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம். இருக்கையில் உட்கார்ந்தும் பார்த்தேன். அங்கேயிருந்து பார்த்தால் கரும்புத் தோட்டங்களுக்கு மேலே கல்வராயன் மலை நீளமாகத் தெரிந்தது. பெருமையாகத்தான் இருந்தது. பலகை நட்டாகிவிட்டதால் ஓட்டுநர்கள் இனி அங்கே மட்டும்தான் நிறுத்த வேண்டும் என்று சொல்லப்பட்டது. அவர்களும் அப்படியே செய்தார்கள்.

பிறகு ஒருநாள் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரம். ஒரு கையில் சோற்றைப் பிசைந்துகொண்டு மறுகையில் வாட்ஸாப் ஸ்டேட்டஸ்களைத் தள்ளிக்கொண்டிருந்தேன். நான் எடுத்த படம் வந்தது. முதல் நொடியில் சந்தோஷம்தான். 'அட, நம்ம படம்' என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் படத்தைச் சுற்றியிருந்த பூ வட்டமும், கீழே எரியும் விளக்கும், மேலே 'கண்ணீர் அஞ்சலி' என்ற எழுத்தும் கண்ணில் பட்டன.

படத்தைத் தயார் செய்தவர் அளவுக்கம்பை வெட்டியிருந்தார். முழுதாக வெட்ட முடியவில்லை, ஏனென்றால் கை அதைப் பிடித்திருந்தது. விரல்களுக்கு மேலும் கீழும் வெள்ளை மேல் சிவப்பும் கறுப்புமாகக் கோடுகள், ஒரு விரல் அகலத்துக்கு. அந்தக் கோடுகளை என்னால் படிக்க முடிந்தது. தரையிலிருந்து அவர் கை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று என் மனம் கணக்கிட்டது. நிறுத்த முடியவில்லை.

மறுநாள் காலை அந்த ஊருக்குப் போனேன். வேலை இருக்கிறது என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தேன். பாலத்துப் பக்கத்து மின்கம்பத்தில் அதே படம் ஆளுயரப் பேனராகக் கட்டியிருந்தது. நிழற்குடை காலியாக இருந்தது. நிழற்குடையின் தரை முடிகிற இடத்தைத் தாண்டி, பாலத்துப் பக்கமாக, வெயிலில், தார் விளிம்பில் ஏழெட்டுப் பெண்கள் நின்றிருந்தார்கள். என் எட்டாவது டேப் தொடங்கிய இடம் அது. அந்த அக்கா அங்கே நின்றிருந்தபோதுதான் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று எதிரே வந்த காருக்கு வழிவிட ஒதுங்கியிருக்கிறது. முன் டிரெய்லர் விலகிப் போய்விட்டது. பின் டிரெய்லர் விலகவில்லை.

இதைச் சொன்ன பெண்ணிடம், ஏன் உள்ளே உட்காரவில்லை என்று கேட்டேன். வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஒரு பெண் துப்பிவிட்டு வந்தார்.

"ஒக்காந்தா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க மேடம். ஏந்திரின்னும் சொல்ல மாட்டாங்க. ஊர்க்காரங்க ஏந்துப்பாங்க. அத்த பாத்துக்கினு ஒக்காந்திருக்கறதுக்கு இந்த வெயிலே தேவல."

பிறகு பேச்சை மாற்றுவதுபோல, ஷெட் நன்றாகத்தான் கட்டியிருக்கிறார்கள், மழைக்கு ஆடு நிற்கிறது என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

இது எனக்குத் தெரியாத விஷயம் என்று சொன்னால் பொய். நான் ரிஷிவந்தியம் பக்கத்தில் ஓர் ஊர்த் தெருவில் வளர்ந்தவள். எங்கள் ஊரிலும் ஒரு நிழற்குடை உண்டு. பள்ளிக்கூட நாட்களில் அதில் உட்கார்ந்துதான் பேருந்துக்குக் காத்திருப்பேன். என் வகுப்பில் படித்த காலனிப் பெண்கள் மூன்று பேர் மின்கம்பத்தைச் சுற்றி நிற்பார்கள். பேருந்தில் ஏறியதும் நாங்கள் சேர்ந்து பேசுவோம், கணக்கு நோட்டை மாற்றிக்கொள்வோம். இறங்கியதும் அவர்கள் கம்பத்துக்கு, நான் இருக்கைக்கு. அவர்களுக்கு நிற்கத்தான் பிடிக்கும் என்று நினைத்தேனா, எதையும் நினைக்கவே இல்லையா என்று இப்போது யோசித்தாலும் விளங்கவில்லை. மின்கம்பங்களை எல்லாம் எண்ணி எழுதியவள், கம்பத்தின் அடியில் நிற்பவர்களை எழுதவில்லை. என் பட்டியலில் அதற்குக் கட்டம் இல்லை.

அதற்குப் பிறகு அவர் எங்கும் இருந்தார். அந்த ஊரின் படங்களை வைத்திருந்த கோப்புறையைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வளைவைக் காட்ட எடுத்த படத்தில் தூரத்தில், கட்டையில் ஒரு புள்ளியாக முழுக்கைச் சட்டை. வடிகாலைக் காட்ட எடுத்ததில் அவருடைய தூக்கு மட்டும். சாலையின் அகலத்தைக் காட்ட எடுத்ததில் தரையில் அவர் நிழல். அளப்பதற்கு முன் வேறு ஒரு நாள் போய் எடுத்த படங்களிலும் பேருந்துக்குக் காத்திருக்கும் பெண்கள் நடுவில் அவர் இருந்தார். எங்கள் அறிக்கையின் நான்காம் பக்கத்தில் பெரிய படமே அவர்தான். அந்த அறிக்கை எத்தனை மேசைகளில் இருக்கிறதோ அத்தனை மேசையிலும் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வேறு ஊர்களில் வேலை செய்யும்போதும், டேப் விறைக்கிற நொடியில் மறுமுனையைப் பார்க்கப் பயமாக இருந்தது. நல்ல இழுப்பாக இருந்தால் இன்னும் பயம்.

எங்கள் அலுவலகத்து மூத்த பொறியாளரிடம் போய், வரைபடத்தில் தப்பு இருக்கிறது என்றேன். அவர் கெட்டவர் அல்ல. நிதானமாக வரைபடத்தை விரித்தார்.

"எந்தக் கோடும்மா தப்பு? காட்டு."

காட்ட ஒரு கோடும் இல்லை. எல்லாக் கோடும் சரி. தப்பு, கோடு இல்லாத இடத்தில் இருந்தது. அந்த இடத்தில் விரலை வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, விபத்துக்குக் காரணம் டிராக்டர், பின்னால் கட்டிய இரண்டாவது டிரெய்லர் என்றார். அதுவும் உண்மைதான். பழைய நிறுத்தத்தை மறுபடி கொண்டுவர வேண்டுமென்றால் அதிகாரிகள் வந்து பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும், இரண்டு நிறுத்தம் இவ்வளவு பக்கத்தில் எதற்கு என்று கேட்பார்கள், நல்ல காரணம் வேண்டும் என்றார். 'கூடுதல் தேவை' என்று எழுதச் சொன்னார். அப்படி எழுதினால் யாருக்கும் தொந்தரவில்லை.

இடத்தைப் பார்க்க அதிகாரிகள் வருவதற்கு முன் அவருடைய மகளைப் பார்க்கப் போனேன். இருபது வயது இருக்கும். கள்ளக்குறிச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. கடைக்குக் கிளம்புகிற சேலையில், வீட்டு வாசலிலேயே நின்று பேசினாள். என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள். வாட்ஸாப்பில் என் எண்ணில் என் படம் இருக்கிறதல்லவா.

"எங்கம்மா அந்த போட்டோவ எல்லாருக்கும் காட்டுனாங்க மேடம். ரோட்டுக்கு நாந்தான் அளந்து குடுத்தேன்னு வூட்ல சொல்லிக்கினே இருந்தாங்க."

நிழற்குடை வேறு இடத்தில் வந்தபோது என்ன சொன்னார் என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"ஒண்ணும் சொல்லல. மேடம் நம்ம எடத்துலதான் போட்டிருப்பாங்க, மேல யாரோ மாத்திட்டாங்கன்னாங்க." அவள் என்னைப் பார்த்தாள். "மாத்தினாங்களா?"

"இல்லம்மா. நான்தான் அங்க போட்டேன்."

உள்ளே குக்கர் சத்தம் போட்டது. அவள் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அதற்குத் தயாராகவும் இருந்தேன்.

"நான் இப்பவும் அங்கதான் போய் நிக்கறேன்" என்றாள். "அதே எடத்துல. தெனமும். மாத்திக் குடுங்க."

அதிகாரி வந்த அன்று ஊரிலிருந்து ஆண்கள் பத்துப் பேர் நிழற்குடைக்குள் கூடியிருந்தார்கள். காலனிப் பெண்கள் வழக்கமான இடத்தில். அதிகாரி இருக்கையைத் தட்டிப் பார்த்தார். இவ்வளவு நல்ல நிழற்குடை இருக்கும்போது பாலத்தில் இன்னொரு நிறுத்தம் எதற்கு என்று கேட்டார். ஊர்ப் பெரியவர் ஒருவர், இது எல்லாருக்கும் பொதுவானது, யாரும் யாரையும் வேண்டாம் என்று சொல்லவில்லை என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம். அதிகாரி பெண்கள் பக்கம் திரும்பி, உட்காருவதில் என்ன பிரச்சினை என்றார். அந்த ஊரில் நாளைக்கும் கரும்பு வெட்டுக்குக் கூப்பிடப் போகிறவர்கள் அந்தப் பத்துப் பேர். அவர்கள் முன்னால் என்ன சொல்ல முடியும்?

மூத்த பொறியாளர் என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். 'கூடுதல் தேவை' அதில் இருந்தது. நான் அதைப் படிக்கவில்லை.

"அவங்க இங்க உட்கார மாட்டாங்க சார். ஏன்னு இங்க இருக்கிற எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும், நானும் இது மாதிரி ஊர்க்காரிதான். பாலத்துல ஒரு ஸ்டாப் இருந்துது. நடந்து வர நடைபாதை இல்லாம, வந்து நிக்க இடம் இல்லாம, அதை எடுத்தது நான்."

பெரியவர் வேறு பக்கம் பார்த்தார். யாரோ, படித்த பெண்ணுக்கு வாய் ஜாஸ்தி என்றார்கள். அதிகாரி நிழற்குடையிலிருந்து இறங்கி, பெண்கள் நின்ற இடம் வரை நடந்து போய், அங்கே நின்று, பின்னால் வரும் வண்டிகளைத் திரும்பிப் பார்த்தார். ஒரு லாரி போனது. அவருடைய சட்டை காற்றில் ஒட்டிக்கொண்டது.

"இத எழுத்துல குடுப்பீங்களா?" என்றார் என்னிடம்.

கொடுத்தேன். ஒரு பக்கம், நாலு வரிகளில் பட்டியல். முதல் வரியில் என் பிழை. கீழே நான் கையெழுத்திட்டேன். மூத்த பொறியாளர் பேனாவை வெகுநேரம் கையில் வைத்திருந்துவிட்டு, அதன் கீழே தன் கையெழுத்தையும் போட்டார்.

பாலத்துப் பக்கம் மண் நிரப்பித் தரை போட்டார்கள், தார் விளிம்பிலிருந்து நான்கு அடி தள்ளி. வேகத்தடை, வெள்ளைப் பட்டைகள், பலகை. கூரைக்கு இடமில்லை. கட்டைச் சுவரை இடிக்கக் கூடாது என்று நான் வரைபடத்தில் தனியாக எழுதியிருந்தேன், இடிக்கவில்லை.

பேருந்து நிற்க வேண்டிய கோட்டுக்கு அளவு குறித்துக் கொடுக்கக் காலையிலேயே போனேன். இப்போதெல்லாம் பையில் ஒரு நீள ஆணி வைத்திருக்கிறேன். டேப்பின் வளையத்தை அதில் மாட்டிவிடுவேன், முனையைப் பிடிக்கச் சொல்லி யாரையும் கேட்பதில்லை. பாலத்தின் அதே மூலையில் ஆணியை அறைந்து, மாட்டி, நடந்தேன். கட்டையில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மகளும் இருந்தாள். பேருந்து வந்தது. நிழற்குடையில் நின்று இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. வேகம் எடுத்தது. ஓட்டுநருக்குத் தெரியுமா, யாராவது சொல்லியிருப்பார்களா என்று நான் டேப்பைப் பிடித்தபடி பார்த்தேன். பெண்கள் யாரும் எழுந்திருக்கவில்லை. அவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பலகைக்கு நேராக முன்படிக்கட்டு வந்து நின்றது.

கடைசியாக ஏறிய மகள், "வரேன் மேடம்" என்றாள். அவ்வளவுதான்.

பேருந்து போனதும் கட்டை காலியானது. மின்கம்பத்தில் பேனர் இன்னும் இருந்தது. வெயிலில் சிவப்பு முதலில் போய்விடும். முகம் நீலமாக வெளுத்திருந்தது. விரல்களுக்கு மேலும் கீழும் இருந்த கோடுகளில் சிவப்பு போய்க் கறுப்பு மட்டும் மிஞ்சியிருந்தது. நான் அளவை எழுதிக்கொண்டு டேப்பைச் சுற்ற ஆரம்பித்தேன். இரண்டு சுற்றுக்கு மேல் வரவில்லை, வளையம் ஆணியில் மாட்டியபடியே இருந்தது. டேப் விறைத்தது. நடுவில் கொஞ்சமும் தொங்கவில்லை.

ஒரு சுண்டு சுண்டி இழுத்திருந்தால் வந்திருக்கும். நான் இழுக்கவில்லை. அப்படியே நின்றேன்.

"விடுங்கக்கா" என்று சொல்லிப் பார்த்தேன், எனக்கே கேட்காத குரலில்.

பிறகு டேப்பைச் சுற்றிக்கொண்டே பாலத்தின் மூலை வரை நடந்து போய், குனிந்து, வளையத்தைக் கையால் எடுத்தேன்.